ஈயம் என்னும் சொல்லும் என் தங்கையின் திருமணமும்

இதனை நான் எழுத நேர்ந்ததற்கு ஒரு வளைகாப்பு விழாவே பொறுப்பு. சென்ற திங்கள் அவ்விழாவில் உண்டு முடித்துக் கை கழுவும் இடத்தில் நின்றிருந்த உறவினர் ஒருவர், என் தங்கை செண்பகத்தின் திருமணத்தைப் பற்றி இளையவர்களுக்கு விளக்கிக்கொண்டிருந்தார். திருமணத்திற்கு முந்தைய நாள் மணமகனின் தந்தையார், சீராகக் கொடுத்த ஏனங்கள் போதவில்லை என்று முகம் சுளித்துப் புறப்படப் பார்த்தாராம். காலில் விழாத குறையாக அவரை நிறுத்தி வைத்தார்களாம். செண்பகத்தின் பேரப்பிள்ளைகள் வாய் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

அந்தத் தந்தையார், குலசேகரத்து நீலகண்டபிள்ளை, மறைந்து நெடுங்காலம் ஆயிற்று. தமக்காக வழக்காட அவர் வரமாட்டார். ஆகவே நான் வருகிறேன். அவர் முகம் சுளித்தது உண்மை. புறப்படப் பார்த்ததும் உண்மை. ஆனால் அவர் சினந்தது ஏனங்களின் எண்ணிக்கைக்காக அன்று. விருந்து சமைக்க வைத்திருந்த அண்டாக்களின் உட்புறம் பூசியிருந்த மாழையின் அணு எண்ணுக்காக. (உலோகம் என்றால்தான் விளங்கும் என்போர் அப்படியே படித்துக்கொள்ளலாம், நான் எழுதமாட்டேன்.)

ஒருவர் மேல் பேராசைப் பழி சுமத்துவதைவிட, அவருக்கு வேதியியல் ஐயம் எழுந்தது என்னும் உண்மையைச் சொல்வது அறம். இதை நம்புவது கடினம் என்பதை அறிவேன். பேராசையைத்தான் எவரும் எளிதில் நம்புவர்.

பந்தலில் ஒரு கேள்வி

ஆட்சி மாறியும் எல்லைகள் மாறாதிருந்த ஆண்டுகள் அவை. தோவாளைக்குத் தெற்கே எங்கள் ஊர். திருமணத்திற்கு முந்தைய நாள் பிற்பகல். ஓலைப்பந்தலின் கீழே ஊர்ப்பொதுவில் எடுத்து வந்த பித்தளை அண்டாக்கள் வாயை மேல் நோக்கிப் பிளந்து கிடந்தன. பந்தலின் ஓரத்தில் குழி தோண்டி, துருத்தி வைத்து, ஈயம் பூசிக்கொண்டிருந்தார் பீர்க்கண்ணு. சூடேறிய அண்டாவில் நவச்சார உப்பைத் தூவுவார். வெண்புகை எழுந்து மூக்கைக் கிள்ளும். ஈயக் குச்சியை ஓர் இழுப்பு இழுத்து, பஞ்சால் ஒரு சுழற்று சுழற்றுவார். மஞ்சளாய் இருந்த வயிறு நிலவாய் வெளுத்துவிடும்.

மறுபுறம் பெண்கள் சேனையும் பூசணியும் அரிந்துகொண்டிருந்தனர். பிச்சிப்பூக் கூடைகள் ஈரச்சாக்கின் கீழே மணத்தன. அந்த மணமும் நவச்சாரப் புகையும் கலந்தால் எப்படி இருக்கும் என்று கேட்காதீர்கள். எனக்கு இன்றும் திருமணம் என்றால் அந்த மணம்தான்.

மணமகன் வீட்டார் பேருந்திலிருந்து இறங்கிப் பந்தலுக்குள் வந்தனர். நீலகண்டபிள்ளை குலசேகரத்தில் ரப்பர் வணிகம் செய்பவர். நெடிய உருவம், எதையும் குனிந்து பார்த்தே பழகியவர். அண்டா ஒன்றினுள் குனிந்து பார்த்தார்.

"இதுக்க உள்ள தேச்சிருக்கது எந்நா?"

பீர்க்கண்ணு பெருமையோடு நிமிர்ந்தார். "ஈயமாக்கும் மொதலாளி. அசல் ஈயம். மொகம் பாத்துக் கிராப்பு சீவலாம்."

"ஈயமா?" நீலகண்டபிள்ளை நிமிர்ந்து என்னைத் தேடினார். "பண்டிதரே, இங்க வாரும். போன மாசம் பூவுக்குச் சொல்லதுக்குத் தோவாளை வந்தப்போ ஒங்க ஸ்கூல்ல எக்சிபிஷன் பாத்தேன். செவருல ஒரு பெரிய படம் தூக்கியிருந்துது. எம்பத்திரெண்டாம் நம்பரு ஈயம்ணு போட்டு, அடியில செவப்பு மையில என்னமோ எழுதியிருந்துதே, அது எந்நா?"

"உண்கலத்திற்கு ஆகா நஞ்சு," என்றேன்.

"அந்த எழுத்து ஆருக்கது?"

"என்னுடையது."

"ஒமக்கதுதானே! அப்போ எனக்க ஆளுகளுக்கு நஞ்சு வெளம்பதுக்கா விளிச்சீரு?"

பெண்கள் அரிவதை நிறுத்தினர். துருத்தியும் நின்றது.

அந்தப் படம் வந்த வழி

இங்கே நான் சற்றுப் பின்னோக்கிச் செல்ல வேண்டும். அந்தப் படத்தைப் பற்றிச் சொல்லாமல் இந்தச் சிக்கலை விளக்க இயலாது.

அப்போது நான் ஓர் உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியன். அங்கே வேதியியல் கற்பித்தவர் ஞானமுத்து சார். மார்த்தாண்டம் பக்கத்தவர், கிறித்தவர், கையில் எப்போதும் ஏதோ ஓர் அமிலத்தின் வடு இருக்கும். பள்ளியில் அறிவியல் கண்காட்சி வைக்க வேண்டும் என்று தலைமையாசிரியர் முடிவு செய்தபோது, தனிமங்களின் அட்டவணையைப் பெரிய துணியில் எழுதித் தொங்கவிடலாம் என்றார் ஞானமுத்து. எல்லாம் தமிழில் இருக்க வேண்டும் என்றேன் நான்.

எங்கள் வட்டங்கள் எந்த மாநிலத்தில் சேரும் என்று தெருவெங்கும் பூசல் நடந்த காலம் அது. ஒவ்வொரு சொல்லும் ஒரு கொடிக்கம்பமாய் நின்றது. வேற்றுச்சொல் ஒன்றைச் சுவரில் தொங்கவிடுவது, எல்லைக்கல்லை நாமே பெயர்த்து நகர்த்தி வைப்பதற்கு ஒப்பாகும் என்பது என் கருத்து. ஞானமுத்துவுக்கு அப்படிப்பட்ட கருத்து எதுவும் இல்லை. அவர் பிள்ளைகளுக்கு வேதியியல் தெரிந்தால் போதும் என்று எண்ணிய எளிய மனிதர்.

முதற்பூசல் முதற்சொல்லிலேயே மூண்டது. அணு என்பதை அவர் ஆங்கிலத்தில் ஒலிக்கிறபடியே 'ஆட்டம்' என்று கரும்பலகையில் எழுதுவார். "ஆட்டத்தை மேலும் பிளக்க இயலாது என்று முன்னோர் எண்ணினர்" என்று அவர் கற்பித்ததைக் கேட்ட மாணவர்கள், எந்த ஊர்த் திருவிழா என்று பக்கத்தில் இருப்பவனைக் கேட்டார்கள்.

அடுத்தது தனிமம். அச்சொல் அப்போது எனக்கு வாய்க்கவில்லை. நிலம், நீர், தீ முதலியவற்றைப் பூதம் என்றுதானே முன்னோர் குறித்தனர்? பொருள்களின் அடிப்படைக் கூறுகளுக்கும் அதே பெயர் பொருந்தும் என்று தலைப்பில் 'பூதங்களின் பட்டியல்' என எழுதச் சொன்னேன். படம் எழுத வந்த கடைப்பலகை ஓவியர் தூரிகையைக் கீழே வைத்துவிட்டார்.

"தொண்ணூத்துச் சொச்சம் பூதத்தையும் ஒரே துணியில கெட்டி வைக்கச் சொல்லுதியளா சாரே? எங்க தெருவுல ஒரு பூதத்தானுக்கே வருசம் ஒரு கெடா வெட்டணும். நம்மளால ஆவாது."

ஞானமுத்து அன்று சிரித்த சிரிப்பை நான் மன்னிக்கப் பல ஆண்டுகள் ஆயின. அவர் சொன்ன தனிமம் என்னும் சொல்லுக்கு அன்று மாலை உடன்பட்டேன்.

பந்தியும் அட்டவணையும்

அவருடைய விளக்கும் திறனைக் குறை கூற இயலாது. எனக்கே அவர்தான் அட்டவணையை விளங்க வைத்தார்.

"ஓய் பண்டிதரே, இத ஒரு பந்தியா நெனச்சுக்கிடும். எவன் எங்க இருக்கணும்ங்கது அவனவன் நம்பர வச்சாக்கும். அணுவுக்க நடுவுல புரோட்டான்ணு ஒண்ணு இருக்கு. அது ஒண்ணு இருந்தா ஹைட்ரஜன். ரெண்டு இருந்தா ஹீலியம். ஆறு இருந்தா கரி. ஒண்ணு கூடினா வேற ஆளு. ஒண்ணு கொறஞ்சா வேற ஆளு. பேரு நாம வச்சது. நம்பரு கர்த்தர் வச்சது."

குறுக்காகச் செல்லும் வரிசையில் எண் ஒவ்வொன்றாய்க் கூடும். நெடுக்காக இறங்கும் வரிசையில் இயல்பு ஒத்திருக்கும்; மேலே இருக்கிறவருக்கும் கீழே இருக்கிறவருக்கும் ஒரே குடும்பச் சாயல். கடைசி நெடுவரிசையில் எவரோடும் எளிதில் சேராத வளிகள் இருந்தன. அவை தம்மளவில் நிறைந்தவை, எவரிடமும் கொள்வதும் கொடுப்பதும் இல்லை என்று அவர் சொன்னபோது, எங்கள் பெரியப்பாவின் நினைவு எனக்கு வந்தது. அவர் பிறர் வீட்டில் தண்ணீர்கூட அருந்தமாட்டார். அவ்வளிகளுக்கு என்ன பெயர் வைத்தோம் என்பதைப் பெரியப்பாவின் வழிவந்தோர் இவ்விதழைப் படிப்பதால் இங்கே எழுதவில்லை.

தொண்ணூறாம் கட்டத்தில் மட்டும் நான் தோற்றேன். தோரியம் நம் கடற்கரையின் கருமணலிலேயே கிடைக்கிறது. இனயத்துப் பக்கத்துப் பிள்ளைகள் அதனை அள்ளி வீடு கட்டி விளையாடுவார்கள். கப்பலேறிச் சென்று, பெட்ரோமாக்ஸ் விளக்கின் வலையாய்த் திரும்பி வந்து, நம் திருவிழாக்களுக்கு அது ஒளி கொடுத்தது. ஆனால் அதன் பெயர் குளிர்நாட்டு இடித்தெய்வம் ஒன்றின் பெயர் என்றார் ஞானமுத்து. நம் மணலுக்கு அயலார் தெய்வத்தின் பெயர். மாற்றுச்சொல் தேடி இரண்டு கிழமை அலைந்தேன். கிடைக்கவில்லை. அப்படியே எழுதச் சொன்னேன்.

தனிமத்திற்குத் தனிச்சொல்

தோற்றவன் அடுத்த இடத்தில் விட்டுக்கொடுக்கமாட்டான். ஐம்பதாம் கட்டத்திலும் எண்பத்திரண்டாம் கட்டத்திலும் நான் விட்டுக்கொடுக்கவில்லை.

இவ்விரண்டும் ஒரே நெடுவரிசையில் அடுத்தடுத்து இருப்பவை. ஐம்பதின் நேர்கீழே எண்பத்திரண்டு. இரண்டும் வெண்சாம்பல் நிறம். இரண்டும் எளிதில் உருகும். மாமனும் மருமகனும் போல ஒத்த முகம். ஆனால் ஒன்று தீங்கற்றது. மற்றது உடலில் சேர்ந்தால் மெல்லக் கொல்லும்.

"மேல உள்ளது வெள்ளீயம், கீழ உள்ளது காரீயம். அப்படியே எழுதிருவோம்," என்றார் ஞானமுத்து.

நான் மறுத்தேன். தனிமம் என்பது பிறிதொன்று கலவாதது. அதற்கு அடைமொழி ஒட்டிய பெயர் வைப்பது அதன் தனித்தன்மைக்கு இழுக்கு. தனிமத்திற்குத் தனிச்சொல் என்பது நான் வகுத்த நெறி. வளிகளுக்கு மட்டும் விலக்கு அளித்திருந்தேன். காற்றை ஒரே சொல்லுக்குள் அடைப்பது எவர்க்கும் இயலாது. ஆகவே அகராதிகளைப் புரட்டி, ஐம்பதுக்குத் தகரம் என்றும் எண்பத்திரண்டுக்கு ஈயம் என்றும் முடிவு செய்தேன்.

"ஓய், பாத்திரத்துக்குப் பூசுகதும் ஈயம்ணுதானே நாட்டுல சொல்லுகா? அது ஐம்பதாக்கும். நாளைக்கு ஆராவது மாத்திப் புரிஞ்சிட்டா?"

"நாட்டு வழக்கின் பிழையை அகராதி சுமக்காது," என்றேன்.

நல்ல தொடராகத்தான் எனக்குத் தோன்றியது. அப்படியானால் எச்சரிக்கையாவது எழுதுங்கள் என்று அவர் கெஞ்சினார். அதற்கு மட்டும் இசைந்து, எண்பத்திரண்டின் அடியில் அந்தச் சிவப்பு வரியை நானே எழுதினேன்.

கண்காட்சிக்கு வந்தோர் பலர். துணியை அண்ணாந்து பார்த்துவிட்டுப் போனார்கள். அந்த வரியைப் படித்து, நினைவில் வைத்து, ஊருக்குக் கொண்டு சென்றவர் ஒருவரே. அவர் என் தங்கைக்கு மாமனாராக வரவிருந்தார்.

தகரமா!

பந்தலுக்குத் திரும்புகிறேன்.

"இது அந்த ஈயம் அன்று," என்றேன். "படத்தில் இதன் பெயர் வேறு."

"என்ன பேரு?"

சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் நான் அகராதியின் ஆள். "தகரம்."

"தகரமா!" நீலகண்டபிள்ளையின் பின்னால் நின்ற உறவினர் கூட்டம் முழுவதும் அந்தச் சொல்லைத் திரும்பச் சொல்லியது. "மண்ணெண்ண டின்னு! சம்மந்தக்காரனுக்குத் தகரத்துல சோறாக்கும்!"

ஈயம் என்றால் நஞ்சு. தகரம் என்றால் இழிவு. நானே கட்டிய இரு சுவர்களுக்கு நடுவே நான் நின்றேன்.

நீலகண்டபிள்ளை அறியாமையால் பேசவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். "ரப்பர் பாலுல ஆசிட் ஊத்தி ஒறைய வைக்கது எனக்குத் தொழிலு," என்றார். "ஆசிடு தொட்டா எந்த உலோகத்துக்கும் ரெட்ச இல்ல, அரிச்சுப்போடும். புளியும் ஒரு ஆசிடாக்கும். நாளைக்கு இதுலதானே புளிச்ச மோரு ஊத்தின புளிசேரி? இத முழுக்கச் சொரண்டிக் களையும். வெறும் பித்தளையில வையும். இல்லேண்ணா நாங்க இந்த வண்டியிலயே திரும்புகோம்."

திருமணத்திற்கு வந்தவர்கள் உண்ணாமல் திரும்பினால் அந்தத் திருமணம் நடக்காது. எங்கள் நாட்டில் இதற்கு விளக்கம் தேவையில்லை. அப்பா இல்லாத வீடு எங்களுடையது; செண்பகத்திற்கு முன்பே இரண்டு இடங்கள் வந்து தட்டிப்போயிருந்தன. சமையற்காரர் சங்கரன் தேங்காய் நாரும் மணலும் எடுத்துக்கொண்டு அண்டாவை நோக்கி நடந்தார். பீர்க்கண்ணு அண்டாவின் குறுக்கே நின்றுகொண்டார்.

"எனக்க மேல ஏறிப் போயித் தேயும்வே!"

அம்மா தூணருகே வந்தாள். "மக்கா, நீ படிச்சது போரும். அவியளுக்கு ஒரு வழி சொல்லு."

உள்ளறைக் கதவிடுக்கிலிருந்து செண்பகத்தின் குரல் மட்டும் வந்தது. "அண்ணா, ஒரு வார்த்தைக்காவ நான் இந்த வீட்லயே கெடக்கணுமா?"

எண்ணிக் காட்டும்

அந்நேரம் பார்த்து மிதிவண்டியில் வந்து இறங்கினார் ஞானமுத்து. திருமணத்திற்கு முந்தைய நாளே வந்து உதவ வேண்டும் என்று நான்தான் அழைத்திருந்தேன். செய்தியைக் கேட்டதும் முதலில் சங்கரனின் கையிலிருந்த நாரைப் பிடுங்கினார்.

"சொரண்டினா அதுதான் நஞ்சு! பித்தளையில புளி பட்டா களிம்பு ஏறும். பந்தி பூரா வாந்தி எடுக்கும். அதத் தடுக்கதுக்குத்தானே இதப் பூசியிருக்கு?"

பிறகு நீலகண்டபிள்ளையிடம் திரும்பினார். "ஐயா, நீங்க பேரப் பாக்காதீங்க, நம்பரப் பாருங்க. கொல்லுகது எம்பத்திரெண்டு. இது வெறும் ஐம்பது."

"எந்நா ஐம்பது?"

"புரோட்டான். அணுவுக்க நடுவுல இருக்கும்."

நீலகண்டபிள்ளை அண்டாவைக் காட்டினார். "எண்ணிக் காட்டும் பாப்பம்."

வேதியியல் வரலாற்றில் இதைவிட நேர்மையான கேள்வி எழுந்ததாக நான் அறியேன். ஞானமுத்து அண்டாவினுள் எட்டிப் பார்த்தார். பந்தலில் எவரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எங்கள் பக்கத்தது அன்று.

"எண்ண முடியாது. ஆனா கேக்க முடியும்," என்றார் ஞானமுத்து ஒருவழியாக. பீர்க்கண்ணு ஈயக் குச்சிகள் வைத்திருந்த சாக்கைச் சுட்டினார். "அந்தக் குச்சிய வளைச்சா, ஐம்பது சத்தம் போடும். எம்பத்திரெண்டு ஊமை. எத்தன மட்டம் வளைச்சாலும் மிண்டாது."

நீலகண்டபிள்ளைக்கு இந்த வழக்கு பிடித்துவிட்டது. சாக்கினுள் தாமே கைவிட்டு, தாமே ஒரு குச்சியைத் தேர்ந்தெடுத்தார்.

ஞானமுத்து என் காதருகே குனிந்தார். "ஓய், கடையில காரீயம் கலந்து விக்கானுவ. கலப்பு இருந்தா சத்தம் வராது. வரலேண்ணா எனக்கு ஒண்ணும் செய்யதுக்கு இல்ல, பாத்துக்கிடும்."

நான் பீர்க்கண்ணுவைப் பார்த்தேன். அவர் தோளில் கிடந்த துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். குழியின் வெப்பத்தால் துடைத்தாரா, வேறு எதனாலா என்பதை அப்போது என்னால் தெரிந்துகொள்ள இயலவில்லை.

கரையுது!

நீலகண்டபிள்ளை குச்சியைக் காதோடு வைத்து வளைத்தார். ஒன்றும் இல்லை. முருங்கைமரத்தில் ஓர் அணில் கத்தியது. அதனை எவரோ விரட்டினார்கள்.

"ஊமையாட்டு இருக்குதே," என்றார்.

"பைய வளைச்சாக் கேக்காது. வெடுக்குனு மடக்கும்," என்றார் ஞானமுத்து.

நீலகண்டபிள்ளை இரு கையாலும் வெடுக்கென மடக்கினார். உலர்ந்த சருகை மிதித்தது போலக் கிரீச்சென்று ஒரு மெல்லிய நொறுங்கல். குச்சி உடையவில்லை, ஓசை மட்டும் எழுந்தது. அவர் கண்கள் விரிந்தன. மீண்டும் மடக்கினார், மீண்டும் கிரீச்சிட்டது.

"கரையுது!" என்று கூவினார். "இது கரையுது கேட்டியளா!"

நான் மூச்சுவிட்டேன். ஆனால் ஒரு நொடிக்குத்தான்.

குலசேகரத்துப் பக்கம் கரைதல் என்றால் அழுதல். தோவாளைப் பக்கம் கரைதல் என்றால் நீரில் உப்புக் கரைவது. சங்கரன் இரு கையையும் தலையில் வைத்தார். "ஏலே, ஈயம் கரையுதாம்லே! ஒலைய எறக்கு! கொழம்புல ஈயம் கரையுதாம்!" ஒரு கூட்டம் அடுப்பை நோக்கி ஓடியது. கொதித்துக்கொண்டிருந்த வெந்நீர் அண்டாவை இருவர் கவிழ்த்துவிட்டனர். பெண்கள் பந்தலின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்திற்குத் தாவினர்.

"கரையல்லவே! கரையுது! கரையுதுண்ணா..." நீலகண்டபிள்ளை விளக்க முயன்று, சொல் கிடைக்காமல், தாமே முகத்தைக் கோணி அழுது காட்டினார். "இப்படி!"

அதைப் பார்த்த என் பெரியப்பா எழுந்தார். அதுவரை எந்தச் செயலிலும் கலந்துகொள்ளாமல் நாற்காலியில் அமர்ந்திருந்தவர் அவர். "அழுகுதா? மங்கல வீட்டுக்க பந்தலுல, தாலி கெட்டுகதுக்கு மொத நாளு, ஏனத்துக்கப் பூச்சு அழுகுதா? இது நல்லதுக்கில்லடே."

மணமகன் வீட்டுப் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர். நஞ்சு என்னும் பழி நீங்கி, தீக்குறி என்னும் பழி வந்து சேர்ந்தது. ஞானமுத்து என்னைப் பார்த்தார். அவருடைய அட்டவணையில் இதற்குக் கட்டம் இல்லை.

அப்போது நான் பேசினேன். வகுப்பறைக் குரலில் பேசினேன்; வேறு குரல் எனக்கு இல்லை.

"பிள்ளைவாள், பெரியப்பா, எல்லோரும் கேளுங்கள். கரைதல் என்பதற்குத் தமிழில் மூன்று பொருள் உண்டு. நீரில் கரைவது ஒன்று. இது அதுவன்று, குச்சி கையில் முழுதாக இருக்கிறது. அழுவது ஒன்று. அழைப்பது மற்றொன்று. காக்கை கரைந்தால் எந்த வீட்டிலாவது ஒப்பாரி வைக்கிறோமா? விருந்து வருகிறது என்று அரிசியைக் கூட அளந்து போடுகிறோம். இந்தக் குச்சி எதற்காகக் கரைகிறது? விருந்தினர் பந்தலுக்குள் கால் வைத்த பின்புதானே வாய் திறந்தது? இது அழுகை அன்று, அழைப்பு."

பெரியப்பா அகராதிக்கு அஞ்சுபவர் அல்லர். ஆனால் காக்கைக்கு அஞ்சுபவர். மெல்ல அமர்ந்தார்.

நீலகண்டபிள்ளை குச்சியை மறுபடி காதில் வைத்து மடக்கினார். ஒரு தேர்வாளரைப் போலக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பிறகு அவர் முகம் மலர்ந்தது.

"சரிதான். விளிக்குது!" என்றார். "பண்டிதர் சொன்னது சரியாக்கும். இது நம்மள விளிக்குது. நாளைக்கு இதுலயே வையுங்க. புளிசேரி எனக்கு ரெண்டு மட்டம் வேணும்."

விளித்தல். நான் மூன்று பொருளை அடுக்கிக் காட்டிய இடத்தில், அவர் ஒரே சொல்லில் முடித்துவிட்டார். கலப்பு மொழி பேசுகிறவர் என்று நான் எண்ணியிருந்தவரின் வாயிலிருந்து அன்று பந்தலிலேயே தூய சொல் வந்து விழுந்தது. அதனை நான் எவரிடமும் சுட்டிக்காட்டவில்லை. திருமண வேலை இருந்தது.

பீர்க்கண்ணுவுக்கு மட்டும் மனம் ஆறவில்லை. துருத்தியை மீண்டும் ஊதத் தொடங்கியவர் என்னைப் பார்த்துச் சொன்னார்: "பண்டிதரே, நான் பூசுகது ஈயம். எங்க வாப்பா பூசினதும் ஈயம். நீரு நம்பரு வச்சாலும் செரி, காக்காய விட்டாலும் செரி."

பின் நடந்தவை

மறுநாள் திருமணம் இனிது நடந்தது. புளிசேரியை நீலகண்டபிள்ளை சொன்னபடியே இரண்டு முறை கேட்டு வாங்கினார். எவருக்கும் எதுவும் நேரவில்லை. அண்டாக்களும் வாய் திறக்கவில்லை.

திருமண விடுப்பு முடிந்து பள்ளிக்குச் சென்றபோது, சுவரிலிருந்த துணியில் இரண்டு கட்டங்களில் மட்டும் வண்ணம் புதிதாய்ப் பளபளத்தது. ஐம்பதில் வெள்ளீயம், எண்பத்திரண்டில் காரீயம். ஞானமுத்து எதிரே நின்று கையிலிருந்த குப்பியைக் குலுக்கிக்கொண்டிருந்தார். நெறிக்கு முரணான அந்தத் துணி, நான் ஓய்வு பெறும் வரையில் அதே சுவரில் தொங்கியது.

செண்பகம் மறுவீட்டிற்கு வந்தபோது ஒன்றுதான் சொன்னாள். "அண்ணா, இனி எதுக்காவது பேரு வைக்கணும்ணா எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு வையுங்க." அவளுக்கு நான்கு குழந்தைகள் பிறந்தன. நான்கிற்கும் பெயர் வைத்தவர் நீலகண்டபிள்ளை.

இவ்வளவும் நினைவிலிருந்து எழுதியது. அண்டாவைக் கவிழ்த்தவர்கள் இருவரா மூவரா, பெரியப்பா சொன்ன சொற்கள் இவையேதானா என்பதில் எனக்கு உறுதியில்லை. மேற்கு வட்டங்களில் கரைதல், விளித்தல் ஆகியவற்றின் வழக்கை நான் தவறாகக் குறித்திருந்தால் அப்பகுதி அன்பர்களும், அணுக்களைப் பற்றிப் பிழையாக எழுதியிருந்தால் வேதியியல் அறிந்தோரும் இதழின் முகவரிக்கு எழுதித் திருத்துமாறு வேண்டுகிறேன், நன்றியுடன் ஏற்பேன். ஐம்பதுக்குத் தகரம் என்று நான் வைத்த பெயரைப் பற்றி மட்டும் எவரும் எழுத வேண்டாம். அதில் பிழை இல்லை.